தலைவர் முகத்தில் வெந்நீர் ஊற்றியவர்

மதுரை மாநகரில் முகம் படைத்த எவரும் ‘கட்டம்’ அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. அதிலும், தங்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே ஊரார் மறந்துவிட்ட மனிதர்கள்தாம் அவரிடம் முதலில் அகப்பட்டார்கள். அவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் யாதென நான் அறியேன். பல ஆண்டுகள் உடன் பழகியும் கேட்டறியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் சிம்மக்கல்லை ஒட்டியிருந்த ஒரு திரையரங்கில் நான் மேலாளராக இருந்தேன். அரங்கின் முகப்பில் நிற்கும் துணி பேனர்களை வரைபவர் அவர். படக் கம்பெனியார் அனுப்பும் சிறு புகைப்படத்தின்மேல் பென்சிலால் கட்டங்கள் கீறி, அதே எண்ணிக்கையில் பெருந்துணியின்மேலும் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கி வரைவது அத்தொழிலின் வழக்கம். ஏனைய ஓவியர்கள் கட்டத்தைக் காகிதத்தின்மேல் போட்டார்கள். இவர் மனிதர்களின்மேல் போட்டார். ஒரு மரச்சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, அதைச் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவார். மனத்துக்குப் பிடித்த முகம் கண்ணில் பட்டால் சட்டத்தை எதிரே நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆளை நூலுக்குள் சிறைவைத்துவிடுவார்.

எந்த முகம் பிடிக்கும் என்பதில்தான் வில்லங்கம். ஒருநாள் நண்பகலில், வெங்காய மண்டி வாசலில் மூட்டை சுமந்து சென்ற ஒருவரை நடுத்தெருவில் மடக்கினார்.

“அண்ணே, மூட்டைய எறக்கிட்டு வாரேன். அப்புறம் வரைங்க.”

“எறக்குனா கழுத்து நரம்பு போயிரும். அப்படியே நில்லு மாப்ள.”

“கழுத்தே போயிரும் போல இருக்குண்ணே.”

“மூக்கு மட்டுந்தான் பாக்கி.”

பின்னால் டவுன் பஸ் ஒன்று நின்று ஒலி எழுப்பிற்று. பொறுமை இழந்த கண்டக்டர் சண்டைக்கென்று இறங்கி வந்தவர், தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “காத இன்னுங் கொஞ்சம் கீழ எறக்குங்கண்ணே” என்று திருத்தம் கூறி நின்றுவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் அரங்கின் முகப்பில், பாண்டிய சேனாதிபதிக்கு அந்த மூட்டைக்காரரின் கழுத்து இருந்தது.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்திரை வரைந்து தரும்படி ஒரு மிஷன் பள்ளியார் அவரை அழைத்தார்கள். பிறந்த பாலனுக்குப் பரிசு கொண்டுவரும் மூன்று அரசர்களும் வந்துதான் இருந்தார்கள். ஆயினும் மூன்றாமவரைக் கண்டதும் தலைமை ஆசிரியர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இவரு நம்ம கேட்டுக்கு வெளிய செருப்புத் தைக்கிறவரு மாதிரி இருக்காரே.”

“அவரேதான் சார்.”

“கையில என்ன அது? பொன்னா, தூபமா?”

“பிள்ளைக்குச் செருப்பு சார். மத்த ரெண்டு பேரும் அளவு கேக்கல. இவரு மட்டுந்தான் கேட்டாரு.”

தலைமை ஆசிரியர் அந்தச் செருப்பை மட்டும் ஒரு மாட்டின் வாலால் மறைத்துவிடுமாறு கேட்டுக்கொண்டார்.

கப்பலூரில் சிறு தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர், வாயிற்சுவரில் திருமகளை எழுதச் சொன்னார். திறப்பு நாளில் அன்னையின் நான்கு கைகளுள் ஒன்றில் இரு விரல்களைக் காணோம்.

“லட்சுமிக்கு ஏய்யா வெரல் கொறையுது?” என்றார் உரிமையாளர்.

“ஒங்க மிஷின்ல வேல பாக்குற அக்கா கையப் பாத்து வரைஞ்சேன். மிச்சத்த மிஷின்கிட்டத்தான் கேக்கணும்.”

அச்சுவருக்கு அன்று மாலையே சுண்ணாம்பு அடித்தார்கள். பள்ளியின் பின்திரை, அடுத்த மழைக்காலத்தில் விறகுக்கு மூடாக்காயிற்று. எங்கள் பேனர் துணியோ, படம் மாறும்போதெல்லாம் பசை கலந்த வெள்ளையை வாங்கிக்கொண்டு அடுத்த முகத்துக்கு இடங்கொடுத்தது. அம்மனிதர் உழைத்த உழைப்பிற்கு ஆயுள் மூன்று வாரம். அதைக் குறித்து அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. “அடியில இருக்காக மேனேஜரே. எங்க போயிருவாக?” என்பார்.

எங்கள் அரங்கின் வாசலை நாள்தோறும் பெருக்கியவர் பேச்சி என்ற மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. ஒரு புராணப் படத்திற்குக் கட்டம் அண்ணன் எழுதிய பேனரில், அரசமாதாவாக நடித்த நடிகைக்குப் பதிலாகப் பேச்சி கிரீடத்துடன் வீற்றிருந்தார், இருபதடி உயரத்தில். மறுநாள் காலை துடைப்பத்துடன் வந்த பேச்சி அண்ணாந்து பார்த்தார். உடனே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“மூக்க எதுக்குண்ணே அம்புட்டுப் பெருசா வச்சீக?”

“இருக்குறதத்தான வச்சேன்.”

“எம் வீட்டுக்காரரு பாத்தா சிரிப்பாருண்ணே.”

அவருடைய கணவர் மாயாண்டி குப்பை வண்டி இழுப்பவர். அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் தம் வண்டியை எங்கள் தெரு வழியாகவே சுற்றிக்கொண்டு போனார். பேச்சியோ அந்த மூன்று வாரமும் முகத்தை மூடிக்கொண்டுதான் தம் முகத்தின் கீழே பெருக்கினார்.

சிரிக்காத இன்னொருவர் எங்கள் முதலாளி. “தெருக் கூட்டுறவளத் தூக்கி ராணியா வச்சிருக்கான். ஒமக்குக் கண்ணு இருக்கா இல்லையா?” என்று என்னிடம் கர்ஜித்தார். படம் மாறும் நாள் வந்தபோது அவருக்கு இன்னோர் அச்சம் பிடித்தது. வெயில் ஏறினால் வெள்ளைக்கு அடியிலிருந்து பேச்சி மறுபடியும் எட்டிப் பார்த்துவிடுவாளாம். ஆகவே செங்கல் கொண்டு தேய்த்துவிட்டு, அதன்பின் வெள்ளை அடிக்க வேண்டும் என்றார். கட்டம் அண்ணன் சோழவந்தானில் ஒரு வேலையாகப் போயிருந்த பொழுது அது. இரண்டு ஆட்களை அமர்த்தி, அவர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்து, அருகிருந்து தேய்ப்பித்தவன் நான். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவரும் துணி வெளுப்பாக இருக்கக் கண்டு அதன்மேல் அடுத்த படத்தை எழுதினார்.

பிறகு அதன்மேல் இன்னொரு படமும் ஏறிற்று. அதற்குள் மழைக்காலக் காய்ச்சல் ஒன்றில் பேச்சி இறந்துபோனார்.

பதினைந்தாம் நாள் காலை மாயாண்டி அரங்க வாசலில் வந்து நின்றார். அன்று வெள்ளிக்கிழமை, பேனரில் புதிதாக ஏறியிருந்த பெருநடிகரின் படம் வெளியாகும் நாள். சூடமும் மாலையுமாக ரசிகர் பட்டாளம் குவிந்திருந்தது. கடைசி நேரப் பூச்சு வேலைக்கென ஏணியருகே நின்றிருந்த கட்டம் அண்ணனிடம் அவர் சென்றார்.

“நாளைக்கு அவளுக்குக் கருமாதிண்ணே. வச்சுக் கும்புட ஒரு போட்டோ இல்ல. ரேசன் கார்டுலயும் பேரு மட்டுந்தான் இருக்கு. நீங்க வரைஞ்சீகளே, அது கிடைக்குமா?”

“புதுசாவே ஒண்ணு வரைஞ்சு கொடுத்துவிடுமே” என்று நான் குறுக்கிட்டேன்.

“ஆளு எதுக்க நிக்காம நான் வரைய மாட்டேன் மேனேஜரே. நெனச்சு வரைஞ்சா அவ மூஞ்சி வராது, எம் மூஞ்சிதான் வரும். கவலப்படாத மாயாண்டி. நடுவுல இருக்குறது பசை வெள்ளை. வென்னி பட்டாக் கழண்டுக்கும். அவ அடியில இருக்கா.”

உண்மையைக் கூற அதுவே தருணம். நான் கூறவில்லை.

ஒட்டியிருந்த டீக்கடைப் பாய்லரிலிருந்து வாளி வாளியாக வெந்நீர் வாங்கி ஏணியில் ஏறினார். முதல் வாளியிலேயே பெருநடிகரின் மீசை தோலாக உரிந்து, டீக்கடை ஓட்டின்மேல் விழுந்தது.

“டேய், தலைவர் மூஞ்சில வென்னி ஊத்துறான்டா” என்று ஒரு குரல் கிளம்பிற்று. கூட்டம் ஏணியைச் சூழ்ந்துகொண்டது. ரசிகர் மன்றத் தலைவரான இளைஞர் கீழே நின்று ஏணியைப் பிடித்து உலுக்கினார்.

“அண்ணே, மரியாதையா எறங்குங்க.”

“எதுக்கு மாப்ள?”

“எங்க தலைவர் மூஞ்சிய உரிச்சுட்டு எதுக்குன்னு கேக்குறீக.”

“ஒந் தலைவருக்கு ஊரு பூராச் செவுத்துல மூஞ்சி இருக்கு. அந்தா நிக்கிறாருல்ல, அவரு சம்சாரத்துக்கு இந்தத் துணியில மட்டுந்தான் இருக்கு. நாளைக்குக் கருமாதி.”

இளைஞர் திரும்பி மாயாண்டியைப் பார்த்தார். ஏணியை உலுக்கிய கைகள் அதைப் பிடித்துக்கொண்டன. சிறிது நேரத்தில் தலைவருக்கென்று வந்த தொண்டர்களே கைமாற்றிக் கைமாற்றி வெந்நீர் வாளியை மேலே ஏற்றினார்கள். “பாத்துண்ணே, மெதுவா. அக்கா மேல சுட்டுறப் போகுது” என்றார் ஒருவர். எவரும் சிரிக்கவில்லை.

பெருநடிகர் உரிந்தார். அவருக்கு அடியில் இருந்தவரும் உரிந்தார். கடைசி வெள்ளை கரைந்து வழிந்தபோது கீழே நின்ற அனைவரும் அண்ணாந்தார்கள். கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் நூல் தெரிந்த வெறுந்துணி இருந்தது. நெற்றி இல்லை, வாய் இல்லை. பேச்சி கேலி செய்த அந்த மூக்கும் இல்லை. செங்கல் எட்டாத ஓரத்தில் இடக்கண் ஒன்று மட்டும், சரியாக ஒரு கட்டத்தின் அளவுக்கு, விழித்துக்கொண்டிருந்தது.

கட்டம் அண்ணன் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு, அத்தனை பேர் நடுவில், நேராக என்னைக் குனிந்து பார்த்தார்.

“செங்கல்லா மேனேஜரே?” என்றார்.

நான் தலையசைத்தேன். அவர் கத்தியால் அந்த ஒரு கட்டத்தை அறுத்தெடுத்து இறங்கி வந்து மாயாண்டியின் கையில் வைத்தார். மாயாண்டி அதை ஈரம் போகத் தம் துண்டில் ஒற்றிவிட்டுப் பார்த்தார்.

“அவதான்” என்றார்.

மறுநாள் பூமாலை சாத்தி வைத்தது அந்த ஒற்றைக் கண்ணுக்குத்தான் என்று பின்னர் கேள்வியுற்றேன். நான் போகவில்லை. போவதற்கு எனக்கு முகம் இல்லை.

முதலாளி கட்டம் அண்ணனை நீக்கிவிடச் சொன்னார். அடுத்த பேனருக்குத் துணி கட்டியாகிவிட்டது என்று சொல்லி, அந்த ஒரு படத்துக்கு மட்டும் தவணை வாங்கினேன். அதுவரையில் என்னைக் கட்டம் அண்ணன் வரைந்ததே இல்லை. “ஒமக்குத்தான் எல்லாரும் வணக்கம் வைக்கிறாகளே” என்று தட்டிக் கழிப்பார். அந்த வாரம் நூல் சட்டத்துடன் என் அறைக்கு வந்து, “நில்லுங்க” என்று மட்டும் சொன்னார். நின்றேன். வெள்ளிக்கிழமை அரங்கின் முகப்பில் ஒரு கோட்டை வாயிலில் இரண்டு காவலாளிகள் நின்றார்கள். வலப்புறத்தவனுக்கு என் முகம். ஈட்டி இருக்க வேண்டிய கையில் ஒரு செங்கல். மூன்று வாரமும் அதன் கீழேயே போய் வந்தேன். முதலாளியின் கண்ணில் அது படவில்லை; நானும் காட்டிக் கொடுக்கவில்லை.

அதன்பின் அவர் எங்கு சென்றார் என்பதற்குத் துப்பில்லை. திண்டுக்கல் என்றார்கள், தூத்துக்குடி என்றார்கள். இரு ஊர்களிலும் தேடினேன்.

இக்கட்டுரையோடு வெளியிட அவருடைய படம் ஒன்று வேண்டுமெனப் பத்திரிகை அலுவலகத்தார் கேட்டார்கள். ஊரின் முகமெல்லாம் வரைந்தவரை ஒருவரும் வரையவில்லை. அங்க அடையாளங்களைச் சொன்னால் தங்கள் ஓவியரே வரைந்துவிடுவார் என்றார்கள். ஆள் எதிரே நிற்க வேண்டும் என்று மறுத்துவிட்டேன். படத்துக்கென ஒதுக்கிய இடத்தில் ஒரு கட்டம் மட்டும் கீறி வெறுமையாக விடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறொருவர் முகம் அங்கு வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.