சந்தி வந்தால் இறங்கித் தள்ளும் உன் அத்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகமாக இல்லை. காரணம், உன் அத்தான் புதிதாக வாங்கியிருக்கும் மோட்டார் சைக்கிள். போனில் சொன்னால் இவர் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

லைசென்ஸ் வகுப்பில் பாதுகாப்பு பற்றி என்னவோ பாடம் நடத்தினார்களாம், அதை மனுஷன் அப்படியே விழுங்கிவிட்டு வந்திருக்கிறார். கிளம்பும் முன் டயரை அமுக்கிப் பார்க்கிறார், பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறார், பின்விளக்கு எரிகிறதா என்று என்னைப் போய் நின்று பார்க்கச் சொல்கிறார். தையற்காரர் புத்தி எங்கே போகும், பளபளக்கும் பட்டை வைத்து ஆளுக்கொரு கோட்டு வேறு தைத்துவிட்டார். அதுகூடப் போகட்டும். நாற்சந்தி வந்தால் எஞ்சினை அணைத்து, என்னையும் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே சாலையைக் கடக்கிறார். "ஏங்க, ஓட்டத்தானே வண்டி வாங்குனோம்?" என்று கேட்டால், "திரும்புற லாரிக்காரன் நம்மளப் பாத்தானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?" என்கிறார். நேற்று சைக்கிளில் முந்திப்போன ஒருவர், "பெட்ரோல் தீந்துபோச்சாண்ணே?" என்று கேட்டார். இவர் நின்று, நிதானமாக, "இல்ல, முழுசா இருக்கு" என்கிறார். என் மானம் போயிற்று.

இவர் வண்டியில் நான் கிளினிக்கில் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ஊசிக்காரி எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற ஆள வச்சுக்கறேன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பஸ்ஸில் போகிறேன் என்றால் இவர் முகம் தொங்கிப்போகிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இவருக்கு ஆம்பிளை மாதிரி வண்டி ஓட்டக் கற்றுக்கொடு. நீ வளைவில் சாய்ந்து வரும்போது பார்க்கவே எவ்வளவு ஜோராக இருக்கும். இவர் சாய்வது நாற்காலியில் மட்டும்தான்.

எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைக்கு முத்தம்.

உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது உன் மனைவி போன் செய்தாள். வளைவில் சாய்ந்தவன் நிமிரவில்லையாம். காலில் மாவுக்கட்டாம். ஹெல்மெட் அலமாரி மேலே இருந்ததாம். அறிவு இருக்கிறதாடா உனக்கு? உடனே வண்டியை எடுத்த உன் அத்தான், "இன்னிக்கு மட்டும் வேகமாப் போயிடலாம்" என்றார். "வேண்டாம், சந்திக்குச் சந்தி இறங்கித் தள்ளுங்க, நானும் கூடத் தள்றேன்" என்று நானே சொன்னேன். நாளைக்கு வரவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லியாயிற்று, வேலை போனால் போகட்டும். இதைத் தபாலில் போடாமல் கையோடு கொண்டு வருகிறேன். வந்து சேர நேரமாகும். கையில் வாங்கிப் படிக்கும்போது, இதில் எழுதியிருக்கும் திட்டெல்லாம் உனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்துக் கிட.