சுவர் காயும்வரை ஜன்னலை மூடேன்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஃபோல்க்மார் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற போதகர் ஏரன்ஃபிரீட் எழுதுவது. உங்கள் இல்லத்தில் சமாதானமும் அடுப்பில் விறகும் குறைவின்றி நிலைப்பதாக. நான் நலம், விரல்கள் நீங்கலாக.

கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கை, என் மனைவி இர்மேலாவை உடனே திருப்பியனுப்ப வேண்டியே இம்மடல். மரச்சட்டங்களுக்கிடையே களிமண் அடைத்த எங்கள் பழைய வீடு குளிர்கிறதென்று, போன கிறிஸ்துமஸுக்கு அன்பளிப்பாகக் குளிர் தடுக்கும் நுரைப்பலகைகளைக் கொணர்ந்து, உட்சுவரெங்கும் நீங்களே ஒட்டினீர்கள். அறை வெதுவெதுத்தது மெய்தான். ஆனால் இர்மேலாவின் உருளைக்கிழங்குச் சூப்பின் ஆவியெல்லாம் பலகை இடுக்குகளில் புகுந்து, பின்னிருந்த குளிர்ந்த சுவரில் நீராகி, வெளியேற வழியின்றி அங்கேயே குடியிருந்து, வசந்தத்தில் பச்சைப் பூஞ்சையாய் எட்டிப் பார்த்தது. முன்னோர் வசனம் செதுக்கிய உத்தரமும் ஈரம் குடிக்கத் தொடங்கிற்று. சுவரில் பச்சைக் கறை கண்டால் பூச்சைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்டச் சொல்கிறது வேதம். உங்கள் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, அப்படியே செய்தேன். சுவரை உலரவிட்டு, ஈரத்தை வாங்கித் திருப்பிவிடும் மரநார்ப் பலகை பதித்து, களிமண் பூசினேன். முடிக்கும்போது நவம்பர் பிறந்துவிட்டது. களிமண் காய அடுப்பும் எரிய வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

அன்றுதான் இர்மேலா பெட்டியை எடுத்தாள். "சுவருக்குச் சளி பிடிச்சிடுமோன்னு பாக்குற மனுஷன், எனக்குப் பிடிச்ச சளியப் பாக்கல. கோட்டக் கழட்டிட்டு உக்கார முடியும்போது கூப்பிடுங்க, வர்றேன்!"

எதிர்வீட்டு ஹெட்விக் அம்மையாரோ தினமும் வாசலில் நின்று, "என்ன பாஸ்டரே, தெருவுக்கே குளிர்காயக் குடுக்குறீங்களா?" என்கிறார்.

"சுவர் மூச்சுவிடட்டும் அம்மா."

"அது விடும். நீங்க விடணுமே!"

நகைக்கட்டும். சுவர் காயும்வரை ஜன்னலை மூடேன். இவ்வீட்டைவிட்டு ஓரடியும் நகரேன். கோட்டின் மேல் பிரசங்க அங்கியையும் அணிந்து காவலிருக்கிறேன். மனைவி கணவனோடு குளிர்வதே முறையென எடுத்துரைத்து, இர்மேலாவை அனுப்பிவையுங்கள். கர்த்தருடைய நிழலும் நல்ல கூரையும் உங்களைக் காப்பதாக.

தங்கள்,
ஏரன்ஃபிரீட்

பின்குறிப்பு: சற்றுமுன் இர்மேலா தொலைபேசியில் கிசுகிசுத்தாள்: "ஏங்க, அண்ணன் வீட்டுல நான் படுக்குற ரூம்லயும் அதே பலகைதான். அலமாரிக்குப் பின்னால பச்சையா என்னமோ படர்ந்திருக்கு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவார்." சொல்லமாட்டேனென்று வாக்களித்தேன், எழுதுவதைப் பற்றி அவள் கேட்கவில்லை. ஆகவே அவளை அனுப்ப வேண்டாம். என் அடுப்பையும் ஜன்னல்களையும் ஹெட்விக் அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், சுரண்டியோடு. அதுவரை உங்கள் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள்.