தகரம் மாமா கூப்பிட்ட பெரட்டு

எனக்கு வயது தொண்ணூற்றொன்று. பெற்றது ஏழு, வளர்த்தது பத்து. பத்தும் தலை நிமிர்ந்து வாழ்கிறது. அதனால் நான் யாருக்கும் பயந்து எழுத வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

மலேசியாவில் நெகிரி செம்பிலான் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் தகரம் மாமாவைப் போல ஒரு சண்டைக்காரர் கிடைக்கமாட்டார். ரெம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டுகிற நாங்கள் விடியுமுன்னே ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்போம், பெயர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. கணக்கு எழுதுகிற கிராணிக்குத் தொண்டையில் சத்தம் கிடையாது. அவர் முணுமுணுக்கிற பெயரை வாங்கி மாமாதான் கத்துவார். மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கட்டையால் அடித்த மாதிரிக் குரல். தூங்குகிற குரங்கு மரத்திலிருந்து கீழே விழும். வந்தவர்கள் "வந்தாச்சு" என்போம். வராதவனுக்கு மாமாவே "வரல!" என்று ஒரு கத்துக் கத்துவார்.

அந்தத் தொழில் அவர் மண்டைக்குள் ஏறிவிட்டது. சாயங்காலம் கோழிகளைப் பெயர் சொல்லிப் பெரட்டு எடுத்துத்தான் கூட்டில் அடைப்பார். முனியாண்டி பூசையில் "கெடா! வந்தாச்சு. மாலை! வந்தாச்சு. பூசாரி! வரல!" என்றாரே பார்க்கலாம், கள்ளுக்கடையில் இருந்த பூசாரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அதேதான்.

"சோறு! வந்தாச்சு. ரசம்! வந்தாச்சு. உப்பு!" ஒரு வாய் வைத்துப் பார்ப்பார். "வரல!"

அத்தை சளைத்தவள் இல்லை. "அது வரும் லா! மொதல்ல ஒங்க வாயிக்கு லீவு குடுங்க!"

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். நாங்கள் அவர்களுக்கு அரிசி கொடுத்துவிடுவோம் என்று கவர்மெண்டுக்குச் சந்தேகம். ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வரைபடத்தோடு வந்தார். எங்களுடையதோடு சேர்த்து நாலு தோட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். இனி இது ஒரே வட்டாரமாம். முன்னேற்ற வட்டாரமாம். கிராணிதான் தமிழில் சொன்னார்.

"மொதல்ல எல்லை போடுவாங்க. அப்புறம் கமிட்டி. அப்புறம் பிளான். அப்புறம் ரோடு, தண்ணிக் கொழாய், பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் வரும்."

"கமிட்டியில யாரு?" என்றார் மாமா.

"தோட்டத்துத் தொரை, நானு, கடைக்காரரு."

"மரம் வெட்டுறவன்?"

"ஒனக்கு இங்கிலீசு தெரியுமா?"

"ஒங்களுக்கு மரம் வெட்டத் தெரியுமா?"

வட்டாரம் என்பதை இப்படித்தான் அமைக்கிறார்கள். அதில் குடியிருக்காதவன் மூணு பேரும் ஒரு மேசையும் இருந்தால் போதும்.

எல்லை மட்டும் உடனே வந்தது, முள்ளுக்கம்பியாக. சிதறிக் கிடந்த எங்கள் லயத்து வீடுகளை இடித்து எங்களை அதற்குள் அடைத்தார்கள். வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்தி, சேலை மடிப்பில் அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். மத்தியானத்துக்கு ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. இதை எழுதும்போதே எனக்குக் கொதிக்கிறது.

எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், இருந்த மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள். மக்சிக் என்போம். கம்பி வந்ததும் அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு வலி கண்டபோது மக்சிக் வெளியே நின்று கெஞ்சினாள். காவல்காரன் பாஸ் கேட்டான். பிள்ளை செத்தே பிறந்தது. அப்போது எனக்கு ஏழு மாதம், தலைப்பிள்ளை. கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த லட்சணத்தில் வட்டாரத்துக்குத் திறப்பு விழா! பெரட்டுக் களத்தில் பந்தல். அதிகாரி பேசினார், பக்கத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர். எங்களைக் கைதட்டச் சொன்னார்கள். மாமா எழுந்து நின்றார்.

"ரோடு!"

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "வரல!"

"தண்ணிக் கொழாய்!"

"வரல!" என் பின்னால் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பிரசவ ஆஸ்பத்திரி!"

"வரல!"

"முள்ளுக்கம்பி!"

"வந்தாச்சு!" களமே அதிர்ந்தது.

அதிகாரி என்னவென்று கேட்டார். வேர்த்துக் கொட்டிய கிராணி, நன்றி சொல்கிறோம் என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அதிகாரி எழுந்து நின்று மாமாவுக்குக் கைதட்டினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. ஆனால் இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியும்.

மாமாவை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போதும் என்னைக் காட்டிக் கத்தினார்: "அந்தப் புள்ளைக்கு மாசம் ஏறிப்போச்சு! மக்சிக்குக்குப் பாஸ் குடுங்க, தொரை!"

மறுநாள் பெரட்டில் கிராணி முணுமுணுத்தார். ஒருத்தியும் அசையவில்லை.

"பேரு கேக்கலீங்க, கிராணி ஐயா" என்றேன்.

வேலையை மேற்பார்க்கிற கங்காணி கத்திப் பார்த்தார். "அவரு சொன்னா எங்களுக்குப் புரியாதுங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி. வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். துரை குதித்தார். நாங்கள் களத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றோம். அடுத்தடுத்த நாளும் யாருக்கும் காது கேட்கவில்லை. கடைசியில் மக்சிக்குக்குப் பாஸ் வந்தது. அதன் பிறகுதான் எங்களுக்குக் காது திறந்தது.

என் மகன் அவள் கையில்தான் பிறந்தான். ஆஸ்பத்திரி வந்தபோது எனக்கு நாலாவது பிள்ளை நடந்துகொண்டிருந்தது. வாசல் பலகையில் கமிட்டிக்காரர்கள் பெயர் மட்டும். அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்பியிருக்கிறேன்.

மாமா திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். குரல் போயே போய்விட்டது. உள்ளே என்ன செய்தார்கள் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். உதடு மட்டும் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"நீ நல்லாருக்கியா, ஆயி?"

என்னைப் பெற்றவர்கூட அப்படிக் கேட்டதில்லை.

மலரு, பாட்டி எழுதி முடித்துவிட்டேன், இந்தா, இதை ஒருதரம் வாசித்துக் காட்டு. கவர்மெண்டைத் திட்டின இடத்தில் வேகமாகப் போ, பரவாயில்லை. மாமா வருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதே, கண்ணு.