பங்களாக் கதவும் எம்பாரின் ஈரவேட்டியும்

புளியோதரைப் புயத்தோன், சர்க்கரைப்பொங்கல் சக்கரவர்த்தி, அண்டாக்களை அடக்கியாளும் கரண்டிக்கோமான், திருவள்ளூர்க் கோயில் மடைப்பள்ளிக் காவலன் எம்பார் வாழிய. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு, ஆடி வெள்ளிக் காலையில், ஒரு வாரப்பத்திரிகைக்காக அன்னார் தொடுத்த மாபெருஞ்சமரைச் சொல்லப் புகுந்தோம். கலைமகள் சற்றே ஒதுங்கி நமக்கும் இடம் தருவாளாக.

போருக்கு மூலம் ஒரு பேய்ப்பங்களாத் தொடர்கதை. முதல் பாகத்தில் அதை எழுதியவர், புதுக்கடை திறந்த வியாபாரி கொசுறை அள்ளிப் போடுவதுபோல், வாரத்துக்கு இரண்டு பிணமும் மேற்கொண்டு ஓர் அலறலும் தந்தார். வாடிக்கை நிலைத்ததும் இரண்டாம் பாகத்தில் முழக்கோல் சுருங்கிற்று. பொங்கலன்று நாயகி பதின்மூன்றாம் அறைக் கதவின் பிடியில் கை வைத்தாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரை வெயிலில் தார் உருகிற்று. வைத்த கை வைத்தபடியே இருந்தது. கதவு திறந்தே தீரும் என்று கற்பூரம் அணைக்காத குறையாக ஆசிரியர் அறிவித்த இதழ், அன்றைய இதழ்.

குளத்தில் முழுகி, ஈரவேட்டி கணைக்காலைக் கவ்வ, தீர்த்தக்குடம் தோளேற, மடியாக வந்துகொண்டிருந்தார் எம்பார். அந்நிலையில் எதையும் தொடலாகாது. தொட்டால் மறுபடி முழுக்கு, மறுபடி தண்ணீர். குளக்கரை முனையில் அப்துல் ஜப்பாரின் பத்திரிகைக் கடை. அங்கே மிஞ்சியது ஒரே பிரதி. அதை நோக்கி நீண்டிருந்தது, ரயிலுக்கு விரையும் மைத்துனன் ஜகந்நாதனின் கை.

"கதவுக்குள்ளே என்னன்னு சாயங்காலம் வந்து நானே சொல்லிடறேன், அத்திம்பேர்" என்றான் அவன். நஞ்சு தோய்த்த அம்பு அது. முதல் பாகத்துக் கொலையாளி யாரென்பதைக் கல்யாணப் பந்தியில், ரசம் வருமுன்னே, போட்டு உடைத்த பாதகன் அவனே.

எம்பார் முழங்கினார்: "பாய், அதைக் கொடுத்துடாதேயும். பிரிச்சுப் பிடியும். தொடாம படிச்சுக்கறேன்."

"வாங்கறவரு அவரு, படிக்கிறவரு நீங்களா சாமி? நல்லா கீது யாவாரம்" என்றார் ஜப்பார். "சரி, வண்டி வர்ற வரிக்கும் புட்ச்சிக்கினு நிக்கிறேன்."

இரு சேனைக்கு நடுவே நிறுத்திய தேர்போல் இதழ் விரிந்தது. எம்பாரின் கண்கள் வேலெனப் பாய்ந்தன. முதல் பத்தி மழையை வருணித்தது. இரண்டாம் பத்தி மின்னலை. மூன்றாம் பத்தி, மழை விட்டு மறுபடி பிடித்ததை. குடத்துநீர் தளும்பித் தோளில் வழிய, நாயகி பிடியைத் திருப்பும் வரியை அவர் எட்டிய கணத்தில், 'தொடர்ச்சி அறுபத்திரண்டாம் பக்கம்' என்றொரு கோட்டைச்சுவர் எழுந்தது. ஜப்பார் விரலில் எச்சில் தொட்டு, துணிக்கடைக்காரர் பட்டு மடிப்பதுபோல் நிதானமாகத் தாள் புரட்டினார்: பல்பொடி விளம்பரம், ஆடித்தள்ளுபடி விளம்பரம், கோலப்போட்டி முடிவு. ரயிலடியில் ஊதல் ஒலித்தது. ஜகந்நாதன் இதழை உருவினான்.

ஊழிக்காற்றில் மேரு அசைந்தது. குடம் தரையிறங்க, பரம்பரை பரம்பரையாய்க் காத்த மடி நொடியில் சரிய, கடைத்தெருவே மூச்சடக்கி நோக்க, மைத்துனன் மணிக்கட்டோடு சேர்த்து இதழைக் கவ்வி இழுத்து, அறுபத்திரண்டாம் பக்கத்தை வெற்றிக்கொடியென உயர்த்தி, எண்டிசையும் கேட்க வாசித்தார் எம்பார்:

"கதவு திறந்தது. உள்ளே இன்னொரு கதவு இருந்தது. அதன் பிடியில் அவள் கை வைத்தாள். இரண்டாம் பாகம் முற்றிற்று."

எம்பார் மறுபடி குளிக்கப் போனார்.