மணிச் சத்தத்தைப் பிடித்து ஓடிய பிள்ளைகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்க உடம்பும் சம்பந்தியம்மா முழங்காலும் சௌக்கியமா இருக்கணும். எனக்கு எழுத்து தெரியாதது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுறாங்க. கோபத்துல நான் சொல்றதை அவங்க விட்டுடுவாங்க, நீங்களே சேர்த்துப் படிச்சுக்குங்க.

போன வருஷம் நம்ம பேத்தி விழுந்து பல்லு உடைஞ்சதுக்காக, கண்ணு தெரியாத பிள்ளைங்களோட ஓட்டப் பந்தயத்தையே இந்த வருஷம் நிறுத்துறீங்களாமே? நீங்க மைதானக் கமிட்டித் தலைவர், சரி. ஆனா முதல் பந்தயத்துக்கே சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான், அதனால சொல்றேன். அப்போ எல்லைக்கோட்டுல ஒருத்தர் மணி அடிப்பார், பிள்ளைங்க அந்தச் சத்தத்தைப் பிடிச்சு ஓடி வரணும். ஓட ஆரம்பிச்ச நேரம் பார்த்து வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணி அடிச்சுக்கிட்டுப் போறான். மொத்தப் பந்தயமும் திரும்பி கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுச்சு! முன்னாடி ஓடின பொண்ணு வண்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "நான்தானே முதல்?"னு கேக்குறா. "ஆமாம்மா, எந்த ஐஸ் வேணும்?"ங்கிறான் அவன். அவளுக்கே பரிசு கொடுத்தோம். அந்த வேகத்தைப் பார்த்தவன் வேற என்ன செய்வான்? மறு வருஷம் மணி வேண்டாம், கை தட்டுவோம்னாங்க. பிள்ளைங்க பறந்து வந்த அழகைப் பார்த்து சுத்தி நின்ன சனமெல்லாம் கை தட்டிடுச்சு. ஆளுக்கொரு திசை! ஒருத்தன் நேரா சிறப்பு விருந்தினர் மடியில. அப்புறந்தான் பிள்ளைங்களே கூடிப் பேசி, "அவங்கவங்க வீட்டுக் குரல் கூப்பிடட்டும், மத்தவங்க வாயையும் கையையும் கட்டிக்கிட்டு நிக்கட்டும்"னு முடிவு பண்ணாங்க. என்ன மூளை பாருங்க! நம்ம பேத்திக்கு உங்க மருமக, அதான் எம்மக, "ஏய், வாடி இங்க!"ன்னு போடுற ஒரு கத்தே போதும். அந்தக் குரலோட சக்தி உங்களுக்குத் தெரியாததா? பேத்தி விழுந்ததுகூட ஓடும்போது இல்லை சம்பந்தி, ஜெயிச்சு முடிச்ச பிறகு. கோட்டுக்குப் பின்னாடியே உங்க கமிட்டி பரிசு மேசையைப் போட்டு வச்சிருந்தா பாவம் அவ என்ன பண்ணுவா? எழுந்தவ பல்லைத் தேடலை, பதக்கத்தைத் தேடினா! எடுக்க வேண்டியது மேசையை, பந்தயத்தை இல்லை. உங்க கையைப் பிடிச்சுக் கேக்குறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்க சொல்லுக்குக் காத்திருக்கும் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே கெஞ்சினதை எல்லாம் விட்டுடுங்க. இப்பத்தான் பேத்தி வந்தா. பிள்ளைங்களே போய் வேற ஒரு பள்ளிக்கூட மைதானத்தைப் பேசி முடிச்சுட்டாங்களாம், ஞாயித்துக்கிழமை பந்தயம். உங்களுக்கு முன் வரிசையில நாற்காலி உண்டு. ஆனா ஓடி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாதாம். "அந்தத் தாத்தாவால பேசாம இருக்க முடியுமா?"னு கேட்டா. முடியும்னு உங்களுக்காக நான் வாக்குக் கொடுத்திருக்கேன். மானத்தைக் காப்பாத்துங்க.