அஞ்சல் கோலும் என் முன்பல்லும்

வேகமாக ஓடுகிற மனிதர்களைப் பற்றிக் கதைக்க இரண்டு பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒருவர், அவர்களோடு சேர்ந்து ஓடியவர். மற்றவர், அவர்கள் ஓடிவந்த வழியில் நின்று அடிபட்டவர். நான் இரண்டாம் வகை. நம்பாதவர்கள் என்னைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதிதான் இருக்கும். மிச்சப் பாதி கத்தார் நாட்டில், செங்கல் நிறத்து ஓடுபாதை ஒன்றில் எங்கேயோ கிடக்கிறது.

என் ஊர் சாய்ந்தமருது. கடல் எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போன வருடம் நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். வீட்டைத் திரும்பக் கட்டித் தந்தார்கள். படிப்பை யாரும் கட்டித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன், மாத்தறையில் பேக்கரியில் நின்றேன், கொழும்பில் ஓட்டோ ஓட்டினேன். ஒரே வேலையில் இருந்து இரண்டு பெருநாள் கண்டதில்லை. கடைசியில் கத்தாரில் ஒரு கம்பனிக்கு வான் ஓட்டப் போனேன். ஆசிய நாடுகள் பல சேர்ந்த ஓட்டம் பாய்ச்சல் என்று மெய்வல்லுநர் போட்டி ஒன்று அங்கே நடந்தபோது, அணிகளை ஏற்றி இறக்கும் வேலை எங்கள் கம்பனிக்குக் கிடைத்தது. இலங்கை அணிக்கு என் வான்.

முதல் நாள் முன்சீட்டில் வந்து ஏறியவன் நெடுநெடுவென்று இருந்தான். வான் கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த பிறையைப் பார்த்துவிட்டு, "காக்கா எந்த ஊரு?" என்று கேட்டான். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

"சாய்ந்தமருது."

"அல்லாஹ்வே! நான் நிந்தவூர், காக்கா."

நடுவில் காரைதீவு மட்டும்தான். பாலைவனத்தில் அந்தத் தூரம் ஒரு வளவுக்குள் இருப்பதற்குச் சமம். பெயர் சப்ரான். நான்கு பேர் ஆளுக்கு நூறு மீற்றர் ஓடிக் கோல் மாற்றும் அஞ்சல் ஓட்டத்தில் மூன்றாவது ஆள். வளைவு அவனுடைய பங்கு. அவனிடமிருந்து கோலை வாங்கி முடிவுக் கோட்டுக்குக் கொண்டுபோகிறவன் சமீர என்ற குருநாகல்காரன்.

பயிற்சி மைதானத்தில் சப்ரான் ஓடுவதை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். அதுவரை ஓட்டக்காரர்களைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். போனில் எல்லோரும் ஒரே அளவு, ஒரே வேகம். நேரில் அப்படி இல்லை. அவன் காலை நிலத்தில் வைப்பதாகவே தெரியவில்லை. நிலம்தான் அவசரமாக வந்து அவன் பாதத்தைத் தொட்டுவிட்டுப் பின்னால் போனது. முகத்தில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. தோணியை ஆட்கள் தள்ளும்போது அதன் முன்முனை அணியத்தில் ஏறி உட்கார்ந்திருப்பவனின் முகம்.

நான் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. திரும்பி வரும்போது சப்ரான் கேட்டான்: "காக்கா, நீங்களும் ஓடினீங்களா, பள்ளிக்கூடத்துல?"

"பின்ன? நான்தான் ஃபெஸ்ட்டு. நான் இல்லாட்டி எங்கட இல்லத்துக்குக் கப்பே இல்ல, தம்பி."

(உண்மையில் நான் முதலாவதாக வந்தது சாக்கு ஓட்டத்தில். அதுவும் முன்னால் போன மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததால். அந்த இடத்தில் சாக்கு என்ற சொல் வாயில் வரவில்லை.)

இறுதி ஓட்டத்துக்கு முதல் நாள் மாலை. சமீரவின் தொடை கொஞ்சம் இறுகியிருந்ததால் அன்று பயிற்சியில் மட்டும் அவனை ஓட வேண்டாம் என்று பயிற்சியாளர் உட்கார வைத்துவிட்டார். மேலதிகமாகக் கொண்டுவந்த வீரன் வயிற்றுக்கோளாறால் ஹோட்டலில் படுத்திருந்தான். (அவனும் ஓடிக்கொண்டுதான் இருந்தான், வேறு திசையில்.) சப்ரானுக்கு மனம் ஆறவில்லை. போன வருடம் வேறொரு நாட்டில், இதே மூன்றாவது மாற்றத்தில்தான் அவன் கையிலிருந்து கோல் விழுந்தது. மறுபடியும் விழுந்தால் அணியில் இடம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும்.

"சேர், ஒரேயொரு மாத்து. நிக்கிறதுக்கு ஒரு ஆள் போதும்" என்றான். பிறகு வேலியோரம் திரும்பி, "காக்கா நிப்பாரு சேர். ஸ்கூல்ல ஃபெஸ்ட்டாம்" என்றான்.

பயிற்சியாளர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். "உண்மையா மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

இல்லை என்று சொல்ல அது நல்ல நேரம். நான் செருப்பைக் கழற்றினேன்.

சப்ரான் சொல்லித் தந்தான். பாதையில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. "நான் அந்த டேப்ப மிதிக்கக்குள்ள நீங்க ஓடத் தொடங்கணும். திரும்பிப் பாக்கப்படா. 'கை' எண்டு கத்துவன். இடக்கையப் பின்னால நீட்டுங்க. அசைக்கப்படா. மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

"இடக்கையா?"

"ஓம் காக்கா. நான் வளைவுல உள்பக்கமா வாறன், கோல் வலக்கையில. நீங்க வெளிப்பக்கம். இடக்கைதான் நேருக்கு வரும்."

"தம்பி, ஒருத்தன் அவ்வளவு தூரம் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து தாறான். அத இடக்கையால வாங்கிறதா?"

சமீரவுக்கு இதைச் சப்ரான் சிங்களத்தில் மொழிபெயர்த்தான். சமீர தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சிரிக்கிற விஷயமா? எங்கள் பக்கம் வலக்கைக்குப் பெயர் சோத்துக்கை. இடக்கையின் வேலையை நான் எழுதத் தேவையில்லை. சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் லெப்பை நீட்டிய பேரீச்சம்பழத்தை நான் இடக்கையால் வாங்கப் போய், பழம் போனது, பிரம்பு வந்தது. வயதில் மூத்தவர் எதைத் தந்தாலும் நின்று, முகம் பார்த்து, சோத்துக்கையை நீட்டி, முழங்கையை மற்றக் கையால் தாங்கி வாங்கவேண்டும். பிரம்பால் படித்த பாடம், பள்ளிக்கூடத்துப் பாடம்போல் மறக்காது.

நான் போய் நின்றேன். காற்சட்டைப் பையில் வான் சாவிக்கொத்து. தூரத்தில் சப்ரான் ஒரு புள்ளி. பயிற்சியாளர் கையைத் தட்டினார். புள்ளி பெரிதானது. டேப்பை மிதித்தான். நான் ஓடினேன்.

ஓடினேன் என்றுதான் எழுதுகிறேன். சாவிக்கொத்துச் சத்தம் போட்ட அளவுக்குக் கால் வேலை செய்யவில்லை என்று சமீர பிறகு சொன்னான்.

அப்போதுதான் அதை உணர்ந்தேன். கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் இரண்டு தனியார் பஸ்கள் போட்டி போட்டு வரும்போது, முன்னால் சைக்கிளில் போகிறவனின் முதுகில் ஒரு காற்றுப் படும். ஹோர்ன் அடிப்பதற்கு முன்பே கலிமா சொல்ல வைக்கும் காற்று. அந்தக் காற்று என் முதுகில் பட்டது. ஒரு மனிதன் வெறும் இரண்டு காலால் அதை உண்டாக்குகிறான் என்பதை என் பிடரி நம்பவில்லை.

"கை!"

என் மூளை இடக்கை என்றது. உடம்பு கேட்கவில்லை. நான் நின்றேன். திரும்பினேன். முகத்தைப் பார்த்தேன். சோத்துக்கையை நீட்டி, முழங்கையை இடக்கையால் தாங்கினேன். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டம் வாங்குகிறவன்கூட அவ்வளவு மரியாதையாக நின்றிருக்கமாட்டான்.

சப்ரானுடைய கண் விரிந்ததைப் பார்த்தேன். அடுத்ததாக நான் பார்த்தது வானம். கோல் என் வாயில் பட்டிருந்தது. எனக்கு மேலால் பறந்துபோன சப்ரான், முழங்காலால் அந்த ரப்பர்ப் பாதையை நீளமாகத் தேய்த்துவிட்டு விழுந்து கிடந்தான்.

பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். பிறகு என்னிடம் வந்து, மிகவும் அமைதியாக, "மல்லி, இனிமேல் வானை விட்டு இறங்காதே" என்றார்.

அணி மருத்துவர் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முழங்காலில் தோல் இல்லை, கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. ஓடலாமா என்பதை நாளைக்குத்தான் சொல்லமுடியும் என்றார். மேலதிக வீரனோ எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. சப்ரான் ஓடாவிட்டால் நான்கு பேரும் ஓடமுடியாது. மூன்று பேருடைய வருடக்கணக்கான வியர்வையையும், என் ஊர்ப் பக்கத்துப் பிள்ளையின் கடைசி வாய்ப்பையும், நான் மரியாதை என்ற பெயரில் முடித்துவைத்திருந்தேன்.

வானில் போகும்போது சப்ரானின் உம்மா வீடியோவில் வந்தார். "என்ன மனே, முகம் ஒரு மாதிரி இரிக்கி?"

"ஒண்டுமில்ல உம்மா. பிராக்டிஸ்ல விழுந்திட்டன், சின்னக் காயம்." பிறகு போனை என் பக்கம் திருப்பினான். "இவருதான் உம்மா, நான் சொன்ன சாய்ந்தமருதுக் காக்கா."

"தம்பி, ஒங்கள நம்பித்தான் நான் நிம்மதியா இரிக்கன். என்ட புள்ளய ஒங்கட புள்ள மாதிரிப் பாத்துக்கங்க மனே."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் பல் தெரியும். கதையும் தெரியும்.

"நல்ல அடக்கமான மனிசன்" என்று அவர் மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஹோட்டலில் ஐஸ் போதவில்லை. நான் போய் மீன் கடையில் ஒரு வாளி ஐஸ் வாங்கிவந்தேன். சப்ரான் காலை அதற்குள் வைத்தான். சற்று நேரத்தில் அறை முழுக்கச் சூரை மீன் வாசம். அடுத்த கட்டிலில் ஏற்கெனவே வயிறு சரியில்லாமல் கிடந்த மேலதிக வீரன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

"காக்கா" என்றான் சப்ரான். "நம்மட பீச்சுல நிக்கிற மாதிரி இரிக்கி."

"என்ன நல்லா ஏசு தம்பி. ஏசினா எனக்குச் சோறு இறங்கும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஏசுறதுக்கு என்ன கிடக்கு? போன வருசம் கோல் விழுந்ததிலிருந்து இந்த மாத்துல எனக்குப் பயம் இருந்திச்சு. எவ்வளவு மோசமாப் போகும், எவ்வளவு மோசமாப் போகும் எண்டு நினைச்சிட்டே இருந்தன். இப்ப பாத்திட்டன். இதவிட மோசமா ஒருத்தனாலயும் வாங்க ஏலா."

சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றிலிருந்துதான் பல்லில் காற்றுப் பட்டுக் கூசத் தொடங்கியது.

மறுநாள் காலை அவன் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, மருத்துவருக்கு முன்னால் நடந்து காட்டினான், பிறகு ஓடிக் காட்டினான். மருத்துவர் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் சப்ரானைப் பார்த்தார். "ஓடுறன் சேர்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மாலை நான் பார்வையாளர் பகுதியில், மூன்றாவது மாற்றம் நடக்கும் இடத்துக்கு நேரே போய் உட்கார்ந்தேன். நம் நாட்டு ஆட்கள், நேபாளத்தார், வங்காளத்தார் என்று வேலைக்காரர் கூட்டம். என் பக்கத்தில் இருந்த நம் நாட்டுக்காரன், "ஏன்டா நடுங்கிறாய்? நீயா ஓடப்போறாய்?" என்று கேட்டான். நான் ஏற்கெனவே ஓடிவிட்டேன் என்று சொல்லவில்லை.

வெடி கேட்டது. முதல் மாற்றம் நல்லது. இரண்டாவது ஓட்டக்காரன் நேர்ப்பாதையில் வந்து நீட்டினான், சப்ரான் வாங்கினான். முழங்காலில் வெள்ளைக் கட்டு. அந்த வெள்ளை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வளைவுக்குள் நுழைந்து, கோட்டை ஒட்டி, உடம்பு உள்பக்கம் சாய்ந்து, அந்த வெள்ளைப் புள்ளி மேலும் கீழும் போய்வந்தது. வலி இருந்திருக்கும். முகத்தில் அதே தோணிக்காரன்.

டேப்பை மிதித்தான். சமீர பாய்ந்தான். சப்ரானுடைய வாய் திறந்து மூடியது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் என்ன சொன்னான் என்று அந்த அரங்கத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இல்லை. சமீர திரும்பவில்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, பின்னால் என்ன வருகிறது என்று பார்க்காமல், இடக்கையை நீட்டினான். கை அசையவில்லை. கோல் அதற்குள் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். பிளேன்டீக்குச் சீனி போடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடமிருந்து எவ்வளவோ வாங்கியிருக்கிறேன். அப்படி நம்பி ஒன்றையும் வாங்கியதில்லை. அதைவிட மரியாதையாக ஒருவரிடமிருந்து இன்னொருவர் எதையும் வாங்கி நான் பார்த்ததுமில்லை.

பெரிய திரையில் பெயர்கள் வர நேரமெடுத்தது. வந்தது. மூன்றாவது இலங்கை. நான் குதித்ததில் மற்றப் பக்கத்து நேபாளத்தாரின் தேநீர் அவர் மேலேயே கொட்டியது. அவரும் சேர்ந்து குதித்தார்.

கொடியைப் போர்த்துக்கொண்டு நான்கு பேரும் சுற்றி வந்தார்கள். எங்கள் வேலிக்கருகில் சப்ரான் நொண்டிக்கொண்டு வந்தான். கையில் தண்ணீர்ப் போத்தல். என்னைக் கண்டதும் நின்றான்.

"காக்கா, திரும்புங்க."

திரும்பினேன்.

"கை!"

இடக்கையைப் பின்னால் நீட்டினேன். அசைக்கவில்லை. போத்தல் வந்து கைக்குள் உட்கார்ந்தது. பின்னால் சமீர கைதட்டினான். பயிற்சியாளர்கூடச் சிரித்தார் என்று சொன்னார்கள். நான்தான் திரும்பிப் பார்க்கவில்லையே.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். (இது எத்தனை பெருநாள் தாங்குமோ தெரியாது.) வீட்டில் என்னைத் திருத்த ஆள் இல்லை, கெடுக்கத்தான் இருக்கிறார்கள். மனைவி அடுப்படியிலிருந்து, "இஞ்சேருங்க, கை!" என்று கத்தினால், நான் போனைப் பார்த்துக்கொண்டே இடக்கையைப் பின்னால் நீட்டுவேன். பிளேன்டீ வந்து சேரும். மாமி இதைக் கண்டால், "ஊடா இது, கிறவுண்டா?" என்பார்.

சென்ற மாதம் நிந்தவூரில் சப்ரானுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என்னை இழுத்துவந்து தன்னுடைய சஹனிலேயே உட்காரவைத்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர், நடுவில் புரியாணி மலை. ஊர்ப் பெரியவர்கள் எதிரில். நான் பக்கத்திலிருந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கை கழுவத் தண்ணீரும் சட்டியும் கொண்டு ஒருவர் ஒவ்வொருவரிடமாக வந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்று அவர் சத்தமாகச் சொன்னார்:

"கை!"

நான் திரும்பவில்லை. இடக்கையைப் பின்னால் நீட்டினேன். அசைக்கவில்லை.

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை மட்டும் தலைப்பாகை சரிய, தோள் குலுங்க, என் காதருகே குனிந்தான்.

"காக்கா, மாத்து நல்ல கிளீன். ஆனா இதுக்கு மட்டும் சோத்துக்கை."