டவர் இல்லாத வளைவில் இருநூறு பேர்

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் காலை ஏழு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். பல் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பிடுங்கப்படுவது பல் இல்லை. வலைதள வைத்தியர் சுருளிவேல் அங்கே எழுந்தருளியிருந்தார்.

வைத்தியம் எளிது. கடைக்காரர் தன் கடையின் வலைதளத்தைக் காட்டுவார். சுருளிவேல் லேப்டாப்பின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடி நாடி பார்ப்பார். பிறகு உச்சுக்கொட்டுவார்.

"சைட்டுல உயிரே இல்லையே அப்பு. சி.எம்.எஸ். போட்டாத்தான் மூச்சு வரும்."

சி.எம்.எஸ். என்பது மந்திரமும் இல்லை, தாயத்தும் இல்லை. கடைக்காரரே தன் தளத்தில் எழுத்தையும் படத்தையும் நினைத்தபோது மாற்றிக்கொள்ள உதவும் ஓர் ஏற்பாடு. அது என்ன, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தோஷம் கூடிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

உயிர் வந்ததற்கு அத்தாட்சி உண்டு. தளத்தின் அடியில் 'இன்று வந்தவர்கள்' என்று ஓர் எண் முளைக்கும். பார்க்கப் பார்க்க ஏறும். பஞ்சர் கடை ஒச்சப்பனுக்கு ஒரே நாளில் நாலாயிரம் பேர்! போடியில் ஆணி மழை பெய்ததாக எனக்குத் தகவல் இல்லை. கடைக்கு வந்தது என்னவோ வழக்கமான மூன்று சைக்கிள்தான். ஆனாலும் ஒச்சப்பன் போனுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டார்.

ஏலக்காய்க் கடை மொய்னுதீனுக்கும் ஆசை வந்தது. அவருடையது ஒற்றைப் பக்கத் தளம்: கடைப் பெயர், காய் படம், போன் நம்பர். வைத்தியர் வெள்ளோட்டமாக அதில் எண்ணை மட்டும் ஓடவிட்டார்.

"முழு வைத்தியம் நாளைக்குக் காலையில. பணத்தோட வாங்க பாய்."

பணம் இருந்தது. காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் ஓட்டைத் தகரத்தை மாற்ற அவர் மனைவி ஃபாயிசா சேர்த்து வைத்த பணம். மழையோ மலை மேல் போடிமெட்டுவரை வந்துவிட்டது. கூரை ஒழுகினால் மூட்டை மூட்டையாகக் காய் பூசணம் பிடிக்கும். அந்த வருடப் பிழைப்பே போய்விடும்.

"தகரம் எங்க ஓடிறப் போகுது? உலகமே நம்ம கடைக்கு வருது பாரு," என்றார் மொய்னுதீன்.

"வர்ற உலகம் நனையாம எங்கிட்டு நிக்கும்?" என்றார் ஃபாயிசா.

அன்று மதியம் எஸ்டேட்டில் லோடு எடுக்க, இருவரும் வீரணன் ஜீப்பில் போடிமெட்டு ஏறினார்கள். மொய்னுதீன் கண் போனைவிட்டு நகரவில்லை.

"நூத்தித் தொண்ணூறு... நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு..."

"ஏங்க, எஸ்டேட்டுக்கு ஒரு போன் போடுங்க. மூடையைக் கட்டி வைக்கட்டும்."

"டவர் இல்ல."

"இந்த வளைவு தாண்டுனா எந்தக் கம்பெனி டவரும் எடுக்காதுக்கா," என்றார் வீரணன்.

"இருநூறு!" என்று துள்ளினார் மொய்னுதீன்.

ஃபாயிசா போனை வாங்கிப் பார்த்தார். "டவரே இல்லாம இந்த இருநூறு பேரும் எப்பிடி வர்றாக? காட்டு வழியா நடந்தா?"

வீரணன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். மொய்னுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூற்று மூன்றாவது ஆள் வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாடியில் நல்ல கூட்டம். ஒச்சப்பனைப் போல ஏற்கெனவே எண் ஓடுகிறவர்களும் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார்கள். ஃபாயிசா டோக்கன் வாங்காமலே உள்ளே போனார்.

"ஒரு சின்ன சோலிதான். எல்லாரும் அவுகவுக சைட்டைத் தெறந்து வச்சுக்கிட்டு நெட்டை அமத்துங்க."

வைத்தியர் பதறி எழுந்தார். "வேணாம் ஆத்தா! சைட்டு மூச்சு முட்டிச் செத்துரும்!"

"செத்தா எண்ணு நின்னுரும்ல? நிக்கிதான்னு பாப்போம்."

இருபது பேர் நெட்டை அணைத்தார்கள். இருபது போனிலும் எண் ஏறிக்கொண்டே போனது. சந்தனப் பொட்டு போனில் ஐயாயிரம் தாண்டியது.

"யோவ்," என்றார் ஒச்சப்பன். "அப்ப எனக்கு வந்த சனம்?"

"அது... சும்மா ஏறிக்கிட்டே இருக்கட்டும்னு நானா எழுதிவிட்டது." வைத்தியர் தரையைப் பார்த்தார். "ஆனா சி.எம்.எஸ். பொய்யில்லம்மா!"

"பொய்யின்னு யாரு சொன்னா? தெனமும் ஏல வெலை போடுற தரகருக்கு அது வேணும். எங்க சைட்டுல போன வருசம் பூரா மாறுனது ஒரே ஒரு போன் நம்பரு. அதுக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு? ஒச்சப்பண்ணே, நீங்க கடைசியா என்னத்த மாத்துனீக?"

ஒச்சப்பன் நெடுநேரம் யோசித்தார்.

"டியூப்பு."

கூட்டம் சிரித்து முடித்துத் திரும்பியபோது வைத்தியரின் நாற்காலி காலியாக இருந்தது. பின்படியில் வெரசாக இறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலமே கிட்டங்கியில் புதுத் தகரம் ஏறியது. இரவு மழை கொட்டியது. மொய்னுதீன் மூட்டைகளுக்கு நடுவே அண்ணாந்து நின்று ஒழுகும் சொட்டுகளை எண்ணப் பார்த்தார். பூஜ்யம். அந்த வாரத்தில் அவர் பார்த்த முதல் உண்மையான எண் அதுதான்.

அந்த மாடிக்கு இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். செல்போன் நம்பருக்கு ராசி பார்க்கிறாராம். டோக்கன் ஆறு மணிக்கே தீர்ந்துவிடுகிறதாம். போகிறவர்கள் போங்கள், படி ஏறும்போது ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுப் போங்கள். அதற்கு டவர்கூட வேண்டியதில்லை.